ஐந்து வாட் வானொலி

வால்தம்,
12 டிசம்பர் 2010

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஐபாட் வந்து சேர்ந்தது. இத்தனை பாட்டையும் ஏற்ற எவ்வளவு நேரம் பிடித்ததோ! ஆனால் அதற்காகச் சமையலறை ரேடியோவைத் தூக்கிப் போடச் சொல்கிறாயே, அது மட்டும் நடக்காது.

1982-இல் நான் பாஸ்டன் பக்கம் வந்தபோது எனக்கு 28 வயது. வானொலியில் யார் வாய் திறந்தாலும் பாதிதான் புரியும். 96.9 எஃப்எம்மில் டபிள்யூ.ஜே.ஐ.பி. என்று ஒரு நிலையம் இருந்தது. பேச்சே குறைவு. வயலின்கள் கூட்டமாக வந்து ஏதோ ஒரு மெட்டை இழைத்துவிட்டுப் போகும். நடுநடுவே ஒரு மணியோசை, கடற்பறவைச் சத்தம். திருச்சி வானொலியில் நிகழ்ச்சி முடிந்து நேரம் மிஞ்சினால் வாத்திய இசை போடுவார்களே, அதையே நாள் முழுக்கப் போட்டதுபோல. உப்புச் சப்பில்லாத சங்கீதம் என்பார் உன் அப்பா. உண்மைதான். காய்ச்சல்காரருக்கு ரசம் சாதம்போல, எனக்கு அப்போது அதுதான் இறங்கியது.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது ஓடுமே, அந்த 'பல் டாக்டர் பாட்டு' என்று நீ கேலி செய்வாய். 1990 வாக்கில் அந்த நிலையம் வேறு இசைக்கு மாறிவிட்டது. நாடு முழுவதும் இதே கதைதான். கேட்க ஆளில்லாமல் போகவில்லை, கேட்டவர்களுக்கு வயதாகிவிட்டது. விளம்பரம் கொடுப்பவர்களுக்கு 25 முதல் 54 வரையுள்ள காதுகள்தான் வேண்டுமாம். போதாததற்கு, இசைத்தட்டு நிறுவனங்களும் இந்த மாதிரி வாத்திய இசையைப் பதிவு செய்வதைக் குறைத்துவிட்டன. நிலையங்களுக்கு நிகழ்ச்சி தயாரித்து விற்றவர்கள் தாங்களே இசைக்குழுவை அமர்த்திப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

1991-இல் பாப் பிட்னர் என்பவர் பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் 740 ஏஎம் நிலையத்தை வாங்கி, கைவிடப்பட்ட அந்தப் பழைய பெயரையே அதற்கு வைத்தார். விளம்பரம் கிடையாது; நேயர்கள் அனுப்பும் பணத்தில் ஓடுகிறது. நானும் அனுப்புகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே. எனக்கு 56 ஆகிவிட்டது. விளம்பரக்காரர்கள் கணக்கில் என் காது எப்போதோ செத்துவிட்டது. இந்த மனிதர் கணக்கில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அந்த நிலையத்தின் ஒலிபரப்புச் சக்தி பகலில் 250 வாட். சூரியன் மறைந்ததும் ஐந்தே வாட். இரவில் ஏஎம் அலைகள் வெகுதூரம் போகும். டொரன்டோவில் இதே அலைவரிசையில் ஒரு பெரிய நிலையம் இருப்பதால் அதற்கு வழிவிட வேண்டும். நம் ஊர்ப் பூஜையறையில் எரியும் ஜீரோ வாட் பல்புகூட இதைவிட அதிக மின்சாரம் தின்னும்! பெட்டியில் காதை ஒட்டவைத்தால் இரைச்சலுக்கு அடியில் வயலின் கேட்கும். சில இரவுகளில் டொரன்டோதான் வரும்.

டிசம்பரில் நாலேகாலுக்கே சூரியன் விழுந்துவிடுகிறது. இப்போது மணி மூன்றரை. உளுந்து ஊறிவிட்டது. கிரைண்டர் போட்டால் ரேடியோ கரகரக்கும், அதனால் மாவை இருட்டிய பிறகுதான் அரைப்பேன். அப்போது வேண்டுமானால் உன் ஐபாட்டைக் காதில் மாட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா