தடுப்பூசி நாளில் தாயையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும் குழந்தையை எடை போடுகிறோம். பால் குடிக்கிறதா என்று கேட்டு அட்டையில் எழுதுகிறோம். தூக்கி வந்தவள் ராத்திரி தூங்கினாளா என்று கேட்பவர் அரிது. அன்றைக்கு ஐந்து நிமிடம் தாயின் மனநிலைக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வீட்டார் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தாய் கண் மூடாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

இதைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாள் தமிழிலும் இருக்கிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண், கடந்த ஏழு நாள் நிலவரம். தவறு நடப்பது கூட்டுவதில்தான். 1, 2, 4 ஆகிய கேள்விகளின் நான்கு விடைகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே பதில் வரும்; தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்பலாம். 10 முதல் 12 என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி கேட்கலாம். பத்தாவது கேள்வி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் ஒரு மதிப்பெண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனைகளும் தேவை.

வீட்டில் முதல் மருந்து தூக்கம். பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த கிண்ணத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், இரவு ஒன்பது முதல் இரண்டு மணி வரை பாலாடையில் புகட்டும் வேலையைப் பாட்டியோ கணவரோ பார்த்துக்கொள்ளலாம். தாய்க்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரம் கிடைக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தால், பாலில் கலந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே சேரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம்.

ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே நிலைமை வேறாகிவிடும். தூக்கமே இருக்காது, சம்பந்தமில்லாத பேச்சு, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம். மந்திரிக்க அழைத்துப் போய் நாளைக் கடத்தாதீர்கள், தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் மனநல ஆலோசகரிடம் பேச 14416 கட்டணமில்லா எண்.

மனநல சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் தேசிய மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. நம் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதற்கென இரண்டு கட்டிலாவது ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிராம சுகாதார செவிலியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்