அரம் தொடாத வண்டி

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பா,

உங்கள் தொழிற்சாலை லைனில், சுழலும் தண்டைத் (ஷாப்ட்) தாங்கும் வளையமான புஷ் துளைக்குள் இறங்காவிட்டால் அரத்தால் இரண்டு இழுப்பு ராவி உட்கார வைக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. கார் செய்த ஹென்றி லீலண்டை நீ தெரிந்துகொள்ளணும். நம் ரோட்டில் ஓடும் லேலண்டு லாரிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

1843இல் பிறந்த அமெரிக்கர். துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுக்கருவிக் கம்பெனியிலும் துல்லியமாக அளக்கப் பழகியவர். 1902இல் காடிலாக் கார் கம்பெனியைத் தொடங்கும்போது வயசு அறுபதை நெருங்கிவிட்டது.

1908இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் டிராக்கில் அவருடைய வண்டிகள் மூன்றை ராயல் ஆட்டோமொபைல் கிளப் சோதித்தது. ஒவ்வொன்றையும் 721 பாகமாகக் கழற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார்கள். அதில் 89 பாகத்தை எடுத்துவிட்டு, டீலர் ஸ்டாக்கிலிருந்த புதுசை வைத்தார்கள். ராவக் கூடாது, ஸ்பானர், ஸ்க்ரூடிரைவரை வைத்தே பூட்டணும். மூன்றும் ஸ்டார்ட் ஆகி 500 மைல் ஓடின. அதற்காக அந்தக் கிளப்பின் டூவார் கோப்பை அவருடைய கம்பெனிக்குக் கிடைத்தது. பாகங்களைப் பூட்டும் பிட்டர் ராவிப் பொருத்துவதே வழக்கமாக இருந்த காலம் அது, பாப்பா!

பிரஸ் பிட், அதாவது இறுக்கமாக அழுத்திப் பொருத்தும் புஷ்ஷின் வெளிவட்டத்தை ராவினால் பிடிப்பு போய்விடும். ஓடும்போது புஷ் சுழன்று ஆயில் துளையை மூடும், ஷாப்ட் பிடித்துக்கொள்ளும். பழுது பார்க்கிறவன் புது புஷ் போட்டால் அதுவும் நிற்காது, ஏனென்றால் துளையும் தேய்ந்திருக்கும்.

முதலில் துளையைப் பார். புஷ் உட்காரும் அலுமினிய ஹவுசிங்கை மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கிறார்களா? 50 மி.மீ. துளை 20 டிகிரி ஆறினால் சுமார் 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) சுருங்கும். துளை அளவுக்கு எச்7 என்ற வரம்பு என்றால் உனக்கு இருக்கும் இடமே 25 மைக்ரான்தான். சூட்டில் பாஸ் ஆனது ஆறியதும் புஷ்ஷை விடாது. குற்றம் புஷ்ஷின் மேல் விழும்.

துளை அளக்கும் போர் கேஜை, சரியான அளவுள்ள வளையமான ரிங் கேஜில் ஜீரோ வை. ரிங்கும் ஹவுசிங்கும் ஒரே மேஜையில் ஆறட்டும். பிசிறும் எண்ணெயும் போகத் துடை. மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அள. டேப்பரா (ஒரு பக்கம் குறுகலா) ஓவலா (நீள்வட்டமா) என்று தெரிந்துவிடும். பிறகு துளை வாயின் சாய்வில் பர் (துருத்திய உலோகப் பிசிறு) இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார். பல கேஸில் புஷ்ஷைத் தடுப்பது அதுதான்.

சூட்டில் ஐந்து ஹவுசிங் அளந்து, அதே ஐந்தை இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து எழுதி அனுப்பு. ஷிப்ட் ஆளிடம் பேசுவதற்கு முன்னால் அந்த எண்கள் கையில் இருக்கணும்.

அன்புடன்,
அப்பா