ஆறும் ஒன்றும்

கேரி, வட கரோலினா
2025 மார்ச் 20

அம்மு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ அனுப்பியதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தேன். உன் வெஸ்ட் வர்ஜீனியா அணி கல்லூரிக் கூடைப்பந்தின் என்சிஏஏ போட்டிக்குள் போகவில்லை, வட கரோலினா போய்விட்டது. செவ்வாய்க்கிழமை உங்கள் பயிற்சியாளர் டிவ்ரீஸும் இண்டியானா அணிக்குப் போய்விட்டார். ஒரே வாரத்தில் இரண்டு அடி. மார்கன்டவுன் முழுக்க எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

“க்வாட் ஒன்று என்ற மிகக் கடினமான ஆட்டங்களில் எங்களுக்கு ஆறு வெற்றி, வட கரோலினாவுக்கு ஒன்று. ஆறு பெரிசா, ஒன்று பெரிசா, நீயே சொல்லும்மா” என்று கேட்டிருந்தாய். ஆறுதான் பெரிசு. இங்கே தெருவில் வீட்டுக்கு வீடு வட கரோலினாவின் வானநீலக் கொடி பறந்தாலும், என் ஓட்டு வெஸ்ட் வர்ஜீனியாவுக்குத்தான். ஆனால் நீயும் உன் கூட்டாளிகளும் அந்த ஆறையும் ஒன்றையும் மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதால்தான் எதிராளி உங்களை எளிதாக மடக்கிவிடுகிறான். அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் மேஜையில் இருக்கும் டீம் ஷீட்டை, அதாவது ஒவ்வோர் அணியின் கணக்கும் உள்ள தாளை, முழுதாகப் படித்துவிட்டுப் பேசினால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாக இருக்கும்.

முதலில் இடக்கணக்கு. மொத்தம் 68 அணிகள். இந்த வருஷம் 31 கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) சாம்பியன்கள் நேராக உள்ளே வந்துவிட்டார்கள். மீதி 37 இடத்தைத்தான் பன்னிரண்டு பேர் கமிட்டி ஓட்டுப் போட்டு நிரப்புகிறது. இந்தக் கான்ஃபரன்ஸுக்கு இத்தனை இடம் என்று பங்கு எதுவும் கிடையாது. எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸ் 14 அணிகளை அனுப்பியிருக்கிறது, உங்கள் பிக் 12-லிருந்து 7, வட கரோலினா இருக்கும் ஏசிசியிலிருந்து 4. அதனால் “பிக் 12-ல் பாதிக்குப் பாதி ஜெயித்தோமே” என்ற வாதத்தைக் கைவிடு. அது ஷீட்டில் இல்லாத விஷயம். கடைசிப் பத்து ஆட்டத்தில் எப்படி ஆடினார்கள் என்பதையும் பல வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். நவம்பரில் வந்த வெற்றிக்கும் மார்ச்சில் வந்த வெற்றிக்கும் ஒரே எடைதான். இது உனக்குச் சாதகமான விதி, மறந்துவிடாதே.

இப்போது க்வாட். எதிரணி நெட் என்ற தரவரிசையில் எங்கே இருக்கிறது, ஆட்டம் எங்கே நடந்தது, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் ஆட்டங்களை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். சொந்த மைதானத்தில் 1 முதல் 30 வரை உள்ள அணி, பொது மைதானத்தில் 50 வரை, வெளியூரில் 75 வரை: இதெல்லாம் க்வாட் ஒன்று. க்வாட் இரண்டு என்பது சொந்த ஊரில் 75, பொது இடத்தில் 100, வெளியூரில் 135 வரை. க்வாட் மூன்றுக்கு 160, 200, 240. அதற்குக் கீழே எல்லாம் நான்கு.

நீங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. எதிரணியின் வரிசையை ஆட்டம் நடந்த அன்றைக்கு வைத்துப் பார்க்கமாட்டார்கள், இன்றைக்கு வைத்துத்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் 30-ஆம் இடத்தில் இருந்த அணியை உங்கள் ஊரில் வென்றிருப்பீர்கள். அது மார்ச்சில் 31-க்கு இறங்கினால் உங்கள் வெற்றியும் க்வாட் இரண்டுக்கு இறங்கிவிடும், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே. ஆகவே நீ வென்ற அணிகளெல்லாம் பிறகு நன்றாக ஆடவேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

வட கரோலினாவின் ஷீட்டைப் பிரித்துப் பார். 22 வெற்றி, 13 தோல்வி. க்வாட் ஒன்றில் 1-12. கேட்கவே சங்கடமான கணக்குதான், ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று பார். டியூக்கிடம் மூன்று முறை, ஃபுளோரிடாவிடம், ஆபர்னிடம். ஐந்து தோல்வி முதல் தர வரிசை பெற்ற அணிகளிடம் மட்டும். அலபாமா, மிச்சிகன் ஸ்டேட், கன்சாஸ் என்று இன்னும் மூன்று. மீதி நான்கும் வெளியூரில்: லூயிவில், பிட்ஸ்பர்க், கிளெம்சன், வேக் ஃபாரஸ்ட். ஜெயித்தது டிசம்பரில் நியூயார்க்கில் யுசிஎல்ஏவிடம், 76-74. அதே சமயம் க்வாட் இரண்டில் 8-0. அதற்குக் கீழே ஒரே ஒரு சறுக்கல், சொந்த ஊரில் ஸ்டான்ஃபோர்டிடம் ஒரு புள்ளியில். ஆக, பெரியவர்களிடம் தோற்று, நடுத்தர அணிகளைத் தவறாமல் வென்ற அணி அது.

உன் அணி அதற்கு நேர் எதிர். பகாமாஸில் கன்சாகாவையும் அரிசோனாவையும் வென்றது. டிசம்பர் 31 அன்று கன்சாஸை அவர்கள் மைதானத்திலேயே 62-61 என்று வென்றது. ஜனவரியில் அயோவா ஸ்டேட்டைச் சொந்த ஊரில் வென்றது. நான்குமே இந்தத் தடவை போட்டிக்குள் இருக்கும் அணிகள். இப்படி நான்கு பேரைச் சாய்த்த அணியை வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியிருந்தும் நெட் வரிசையில் வட கரோலினா 36, வெஸ்ட் வர்ஜீனியா 51. ஏன் என்று உன் கூட்டாளிகளில் ஒருவரும் கேட்கவில்லை. நெட் ஜெயித்தாயா தோற்றாயா என்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வரும்போதும் எத்தனை புள்ளி எடுத்தாய், எத்தனை கொடுத்தாய் என்றும் பார்க்கிறது. பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்பதை நீயே கணக்குப் போடலாம்: கூடையை நோக்கி எறிந்த எண்ணிக்கையில் தாக்குதல் ரீபவுண்டை (தவறிய பந்தை எறிந்த அணியே மீண்டும் பிடித்தது) கழி, பறிகொடுத்த பந்துகளைக் கூட்டு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.475-ஆல் பெருக்கி அதையும் கூட்டு. எறிந்தது 58, ரீபவுண்ட் 9, பறிகொடுத்தது 12, ஃப்ரீ த்ரோ 20 என்றால் 58 - 9 + 12 + 9.5, மொத்தம் 70.5. அதில் 74 புள்ளி எடுத்திருந்தால் நூறு வாய்ப்புக்கு ஏறக்குறைய 105 புள்ளி. எதிரணிக்கும் இதையே போட்டுக் கழித்து, எதிரணியின் பலத்தையும் இடத்தையும் வைத்துச் சரிசெய்வார்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் பெரிய வெற்றிகளைப் போட்டுப் பார். கன்சாஸிடம் ஒரு புள்ளி. கன்சாகாவையும் அரிசோனாவையும் வென்றது ஓவர்டைமில், அதாவது நாற்பது நிமிஷம் முடிந்தபோது இரண்டும் சமம். வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணக்கு அந்த மூன்றையும் ஏறக்குறைய சமநிலை ஆட்டங்களாகவே எடுத்துக்கொள்ளும். ஷீட்டில் இருக்கும் கென்பாம், பிபிஐ, டோர்விக் என்ற தரவரிசைகள் மூன்றும் இதே ரகம்: நாளைக்கு ஆடினால் யார் ஜெயிப்பார் என்று சொல்பவை. அதே ஷீட்டில் கேபிஐ, ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட், இந்த வருஷம் புதிதாகச் சேர்த்த வாப் (விளிம்பு அணியைவிட எத்தனை வெற்றி கூடுதல் என்பது) ஆகியவையும் இருக்கின்றன. இவை மூன்றும் இதுவரை என்ன சாதித்தாய் என்று சொல்பவை. போட்டிக்கு யாருக்குத் தகுதி என்று தீர்மானிக்கும்போது சாதித்ததுக்குத்தான் முதலிடம் கொடுக்கவேண்டும். முன்கணிப்பை வைத்து உள்ளே வந்தவர்களை வரிசைப்படுத்தலாம், வாசலில் ஆளைத் தடுக்கக்கூடாது. கமிட்டியோடு எனக்கு இருக்கும் சண்டை இது ஒன்றுதான்.

வாப் என்ன செய்கிறது என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள், அடுத்த வருஷம் உனக்கு அதுதான் ஆயுதம். உள்ளே போகுமா போகாதா என்று விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணி இந்த ஆட்டத்தில் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பார்கள். முப்பது சதவீதம் என்றால், ஜெயித்தவனுக்கு 0.70 வரவு, தோற்றவனுக்கு 0.30 பற்று. எத்தனை புள்ளியில் ஜெயித்தாய் என்பது இங்கே செல்லாது.

போன வாரம் நடந்த இரண்டு தோல்விகளை இதில் வைத்துப் பார்ப்போம். புதன்கிழமை கன்சாஸ் சிட்டியில் உன் அணி கொலராடோவிடம் 67-60 என்று தோற்றது. பிக் 12-ல் கடைசி இடத்தில் இருந்த அணி அது. வெள்ளிக்கிழமை வட கரோலினா டியூக்கிடம் 74-71 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் கடைசி நாலு விநாடியை நீ பார்த்தாயோ என்னவோ. 24 புள்ளி பின்தங்கியிருந்தவர்கள் துரத்தி வந்து, வட கரோலினாவின் லூபின் இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கிறான். முதலாவது விழுந்தது, 72-71. இரண்டாவதும் வளையத்துக்குள் விழுந்தது, ஆட்டம் சமம் என்று எல்லோரும் துள்ளும்போது விசில். பந்து எறிபவனின் கையை விட்டுப் போகும் முன்பே, கோட்டில் நின்ற அவன் கூட்டாளி விதர்ஸ் உள்ளே கால் வைத்துவிட்டான். எறிந்த அணியின் ஆளே அப்படி நுழைந்தால் விழுந்த புள்ளி செல்லாது. அதோடு முடிந்தது.

பார்க்கிறவர்களுக்கு இந்தத் தோல்விதான் நெஞ்சைப் பிளக்கும். கணக்கில் அப்படி இல்லை. பொது மைதானத்தில் டியூக்கை வெல்ல விளிம்பு அணிக்கு 15 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள், பற்று 0.15தான். கொலராடோவை வெல்ல 70 சதவீதம் என்று வைத்துக்கொள், பற்று 0.70. எண்கள் நான் விளங்குவதற்காக வைத்தவை, ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரம் நிஜம். டியூக்கிடம் மூன்று புள்ளியில் தோற்றதால் நெட்டிலும் பெரிய சேதமில்லை. கொலராடோவை வென்றிருந்தால் அடுத்த நாள் ஹூஸ்டனோடு ஆட்டம். அதில் தோற்றிருந்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மூடிய கதவு புதன்கிழமையே பாதி சாத்திவிட்டது, அம்மு. இது உனக்குக் கசக்கும், ஆனாலும் உன் வாதத்தில் இதை நீயே முதலில் ஒப்புக்கொண்டுவிடு. எதிராளி எடுத்துச் சொல்லும்வரை காத்திருக்காதே.

உங்கள் ஆட்டக்காரன், பயிற்சியாளரின் மகன் டக்கர் டிவ்ரீஸின் காயத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆட்டக்காரர் இல்லாததைக் கமிட்டி கணக்கில் எடுக்கும். ஆனால் இது இரண்டு பக்கமும் வெட்டும். அவன் ஆடியது எட்டு ஆட்டம். கன்சாகா, அரிசோனா வெற்றிகள் அவன் இருந்தபோது வந்தவை. கன்சாஸ், அயோவா ஸ்டேட் வெற்றிகள் அவன் இல்லாமல் வந்தவை. நீ பின்னதைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும்.

கமிட்டித் தலைவர் வட கரோலினாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் என்பதால் சந்தேகம் வருவது இயல்புதான். உங்கள் கவர்னரும் திங்களன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி விசாரணை கேட்டிருக்கிறார். ஆனால் தன் அணியைப் பற்றிப் பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியேறவேண்டும், ஓட்டும் கிடையாது. ஓட்டு நடக்கும் முறையும் ஒரே ஆள் சாய்க்கக்கூடியதல்ல. மிச்சமிருக்கும் அணிகளில் சிறந்த எட்டை ஒவ்வொருவரும் குறிப்பார்கள். அதிக ஓட்டு வாங்கிய எட்டை வரிசைப்படுத்தி மேல் நான்கை உள்ளே எடுப்பார்கள். கீழ் நான்கு அடுத்த சுற்றுக்குப் போகும், மறுபடி எட்டு, மறுபடி நான்கு. உன் அணியைப் போலவே இண்டியானா, ஒஹையோ ஸ்டேட், பாய்சி ஸ்டேட் மூன்றும் வாசல்படியிலேயே நின்றுவிட்டன. ஆதாரம் இல்லாமல் சதி என்று சொன்னால் ஷீட்டைப் பற்றி நீ பேசும் நல்ல வாதமும் காதில் ஏறாது.

செவ்வாய் இரவு டேட்டனில் வட கரோலினா சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று உடைத்துவிட்டது. இங்கே எல்லோரும் “பார்த்தீர்களா, தகுதி இருக்கிறது” என்கிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை நடந்ததை வைத்துத்தான் தேர்வு. நாளைக்கு ஓல் மிஸ்ஸிடம் அவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த முடிவு சரியா தவறா என்பது மாறாது.

இனி நவம்பருக்கு. ஒரு நோட்டில் எதிரணி, இடம், இன்றைய நெட், முடிவு, க்வாட் என்று ஐந்து பத்தி போட்டுக்கொள். திங்கள்தோறும் நெட் பத்தியை மட்டும் புதுப்பி. சொந்த ஊர் 25 முதல் 35, பொது இடம் 45 முதல் 55, வெளியூர் 70 முதல் 80 வரை உள்ளவற்றுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடு. மாறக்கூடியவை அவைதான். 300-க்கு மேல் இருக்கும் அணிகளோடு சொந்த ஊரில் எத்தனை ஆட்டம் என்று எண்ணு. அதில் ஜெயித்தால் வாபில் ஏறக்குறைய ஒன்றும் வராது, பத்துப் பன்னிரண்டு புள்ளியில் தட்டுத்தடுமாறி ஜெயித்தால் நெட் இறங்கக்கூட இறங்கும்.

மார்ச் வந்ததும் இடம் பறிபோகும் வழிகளை எண்ணு. எப்படியும் உள்ளே போகும் அணி தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றால், ஜெயித்தவன் ஓர் இடத்தைப் புதிதாக எடுத்துக்கொள்வான், அது விளிம்பிலிருந்துதான் குறையும். 2024-இல் ஏசிசியில் பத்தாம் இடத்திலிருந்த என்சி ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையோடு உள்ளே வந்தது. அதே வருஷம் 28 ஆட்டம் ஜெயித்து, நெட்டில் முதல் முப்பதுக்குள் இருந்த இண்டியானா ஸ்டேட் தன் இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்று வெளியே நின்றது. நெட் நன்றாக இருந்ததால் யாரும் அவர்களைத் தூக்கி உள்ளே வைக்கவில்லை, பெரிய வெற்றிகள் இல்லை என்றார்கள். இந்த வருஷம் உன்னிடம் பெரிய வெற்றிகள் இருந்தன, நெட் இல்லை என்றார்கள். இந்த இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிய வெற்றியா நெட்டா, எதுதான் கணக்கு என்று கேள். வட கரோலினாக்காரர்கள் யாரிடமும் அதற்குப் பதில் இருக்காது, என்னிடமும் இல்லை.

சனிக்கிழமை காலை கூப்பிடு. உன் நோட்டுக்கு முதல் பக்கம் இருவரும் சேர்ந்தே போடுவோம், இந்த வருஷத்து 32 ஆட்டத்தையும் வைத்து.

அன்புடன்,
அம்மா