வாங்கில் இருப்பவரை மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரதேச செயலகங்களையும் பிரதேச சபைகளையும் பற்றி எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆய்வு செய்கிறார்கள். நல்ல விடயம். பிரதேச செயலகம் ஒன்றில் நீண்டகாலம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஆய்வுகள் நடக்கிற விதத்தைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு.

பெரும்பாலும் பொதுமக்கள் தினத்தில்தான் பிள்ளைகள் வினாக்கொத்தோடு வருவார்கள். வாங்கில் காத்திருப்பவர்களிடம் அதைக் கொடுத்து, சேவையில் எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் ஐந்துக்குள் புள்ளடி போடச் சொல்வார்கள். அப்படி ஒரு நாள் வயதான அம்மா ஒருவர், "தம்பி, இதை நிரப்பினா என்ர அலுவல் கெதியா முடியுமோ?" என்று கேட்டார். பொடியனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா எல்லாக் கேள்விக்கும் ஐந்திலேயே புள்ளடி போட்டுக் கொடுத்துவிட்டார். கருமபீடத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, கையெழுத்து இன்னும் கிடைக்காத நேரத்தில், யார்தான் ஒன்றில் போடுவார்கள்?

இதைவிடப் பெரிய குறை, வராதவர்கள் கணக்கிலேயே இல்லை என்பது. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்துப் பட்டினத்துக்கு வந்த ஒருவருக்கு "பொறுப்பானவர் லீவு, நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அந்த அலுவலையே கைவிட்டாலும் விடுவார். வதிவிடச் சான்றிதழுக்கு கிராம அலுவலர் இருக்கும் நாள் பார்த்து ஒருதரம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துக்கு இன்னொருதரம் என்று மினக்கெட்டு நாட்கூலியை இழந்தவரின் கணக்கும் எந்த ஆய்வேட்டிலும் என் கண்ணில் படவில்லை.

எலினோர் ஒஸ்ட்ரோம் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்றவர், அதைப் பெற்ற முதற் பெண். அவர் 1970 அளவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தன் மாணவர்களோடு பொலிஸ் சேவையை ஆராய்ந்தார். பொலிஸ் நிலைய வாசலில் நின்று யாரையும் கேட்கவில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரியான அயற்பகுதிகளைத் தெரிவுசெய்து, வீட்டுக்காரரிடமே அவர்களது அனுபவத்தைக் கேட்டார்கள். சில பகுதிகள் நகரின் பெரிய பொலிஸ் பிரிவின் கீழும் மற்றவை சிறிய உள்ளூர்ப் பிரிவுகளின் கீழும் இருந்தன. பெரிதாக்கினால் சேவை சிறக்கும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. ஆனால் சிறிய பிரிவுகளின் கீழ் இருந்தவர்களே கூடிய நல்ல சேவை கிடைத்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பின் அவரது குழு தெருவிளக்கின் வெளிச்சத்தையும் வீதியின் மேடு பள்ளத்தையும் கருவி வைத்து அளந்து, குடியிருப்பாளர் சொன்னதோடு ஒப்பிட்டும் பார்த்தது. தெருவிளக்கு எங்கள் பிரதேச சபைகளின் வேலையும்தானே. இதை இங்கே ஒரு வட்டாரத்திலாவது செய்து பார்க்கலாமே.

பிள்ளைகளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. அலுவலகத்துக்கு வரும் கடிதத்தில் திகதி முத்திரை விழும், தபால் பதிவேட்டில் அது பதியப்படும். கோப்புக்குள் யார் எந்த நாளில் என்ன குறிப்பு எழுதி யாருக்கு அனுப்பினார் என்பதும் இருக்கும். ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் எவ்வளவு காலம் கிடந்தது என்று இவற்றை வைத்தே சொல்லிவிடலாம். ஆட்கள் குறைவா, ஒரு கையெழுத்துக்காக எல்லாம் தேங்குகிறதா, விண்ணப்பமே குறையாக வந்ததா என்பதெல்லாம் அங்கே தெரியவரும். பெயர் விவரங்களை மறைத்துவிட்டுத் தரச் சொல்லி அனுமதி கேட்கலாம். அப்படியும் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அரசாங்க அதிபரிடம் இருந்த அதிகாரங்களைச் சனங்களுக்குக் கிட்டக் கொண்டுவரத்தான் 1992இல் சட்டம் இயற்றிப் பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தார்கள். இன்று யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு, மாகாண மட்டத்தில் கேள்வி கேட்க நாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் பல்கலைக்கழகம் கேட்கிற கேள்விக்குத் தனிப் பெறுமதி இருக்கிறது.

முடிவுகள் ஆய்வேட்டோடு நூலக அலுமாரிக்குள் போய்விடுவதும் எனக்குக் கவலைதான். தமிழில் இரண்டு பக்கம் எழுதி, ஆய்வு செய்த அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்ட மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர்கள் ஏற்பாடு செய்யவேண்டும். அங்கே வேலை செய்பவர்களும் அதை வாசிப்பார்கள், நான் இருந்திருந்தால் கட்டாயம் வாசித்திருப்பேன்.

பதிவேட்டையும் கோப்பையும் எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க நானும் என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். சம்பளம் ஒன்றும் வேண்டாம். துறைத் தலைவர்கள் விரும்பினால் தங்கள் பத்திரிகை மூலமாகவே தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கோண்டாவில்.