நிறம் கரையும் இடத்தையும் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் திருவிழாக்களிலும் கிறிஸ்துமஸ் நாட்களிலும் பழைய சீரியல் செட்டுகளின் இடத்தை, பிக்சல் எனப்படும் ஒவ்வொரு சிறு விளக்கும் தனித்தனியே நிறம் மாறும் பிக்சல் எல்.இ.டி. பலகைகள் பிடித்து வருகின்றன. அவற்றுக்குக் கணினியில் நிற வரிசை அமைப்பவர்கள், ஒரு நிறம் மற்றொன்றாகக் கரையும் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரையிலான அளவுகளில் தனித்தனியே எரிகின்றன. நீலத்தைத் தொடக்கமாகவும் மஞ்சளை முடிவாகவும் கொடுத்துவிட்டு நடுப்பகுதியை மென்பொருளிடமே விட்டால், பாதி வழியில் மூன்றும் ஏறக்குறைய 127இல் சமமாகி, யாரும் கேட்காத ஒரு வெளிறிய வெண்மை பலகை முழுவதும் பரவி, அம்மன் உருவத்தின் புடவைக் கரைகூடத் தெரியாமல் போகிறது. நடுவில் பச்சையை ஒரு படியாகச் சேர்த்தால் நிறம் வெளுக்காமல் செல்லும்.

அணைந்து மறையும் காட்சிகளில் சிக்கல் வேறு. விளக்கின் அளவைச் சீராகக் குறைத்தாலும் கண்ணுக்கு அது சீராகத் தெரிவதில்லை. வெகுநேரம் பிரகாசமாகவே இருந்துவிட்டு, கடைசியில் சட்டென்று விழுவதுபோல் தோன்றும். இதைச் சரிசெய்யவே, கண் உணரும் விதத்துக்கேற்ப விளக்கின் அளவுகளை மாற்றியமைக்கும் காமா திருத்தம் என்ற கணக்கு இருக்கிறது: அதன் மதிப்பை 2.2 என்று வைத்தால் 128 என்ற அளவு ஏறத்தாழ 56ஆகக் குறைகிறது. ஆனால், அதன்பின் அடிமட்டத்தில் மிகச் சில படிகளே எஞ்சுவதால், ஒளி சீராகக் குறையாமல் படிபடியாகத் தாவித் துடிப்பதுபோல் தெரியும்; எனவே மெதுவான மறைவின் கடைசிப் பகுதியை இழுக்காமல் விரைவாக முடிப்பதே நல்லது. கணினித் திரையில் இந்தத் துடிப்பு தெரியாது என்பதால், பலகையை இருட்டில் எரியவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒளி அலங்காரத்தில் ஈடுபாடுள்ள வாசகர்,
மதுரை.