இணைய வகுப்பு நாள்களில் எங்கள் பிள்ளைகளுக்கு 'வரவில்லை' என்று போடுவதை நிறுத்தக் கோரும் நான்காவது மனு

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா,
பேரா மாநிலம்.

அனுப்புநர்:
ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
கீழ் டிவிஷன் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெற்றோர்கள் சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் தரும் நான்காவது மனு. முதல் மூன்றும் மலாயில் எழுதியவை. ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்தார். இரண்டைத் தங்கள் இலாகா முகப்பிலேயே கொடுத்து 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரை அடித்த நகலை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது மின்னஞ்சலில் போனது. எதற்கும் பதில் வரவில்லை. மனத்தில் இருப்பது மலாயில் சரியாக வந்து சேரவில்லையோ என்ற எண்ணத்தில், இந்த முறை தங்களுக்கும் எனக்கும் தாய்மொழியான தமிழிலேயே எழுதுகிறேன். கோப்பில் வைப்பதற்காக மலாய் நகலும் இணைத்துள்ளேன்.

என் கோரிக்கை இதுதான் ஐயா. இல்லிருப்புக் கற்றல் நாள்களில், அதாவது பள்ளியை மூடிவிட்டு வீட்டிலிருந்தே படிக்கச் சொல்லும், எல்லாரும் பி.டி.பி.ஆர். என்று சொல்லும் நாள்களில், கைப்பேசியில் லைன் கிடைக்காத பிள்ளைக்கு 'வரவில்லை' என்று போடக் கூடாது. அந்த நாள்களில் எதற்கு யார் பொறுப்பு என்பதைத் தாங்கள் எழுத்தில் தர வேண்டும்.

எங்கள் இடம் தாங்கள் அறியாதது அல்ல. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்க வந்தபோது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, பால்மரக் காலத்துப் புகைக்கூடத்தின் பக்கமாகத்தானே வந்தீர்கள். மாரியம்மன் கோயில் வரைக்கும் தார்ச்சாலை. அதற்கப்பால் செம்மண். கைப்பேசி லைனும் கோயில் வாசலோடு நின்றுவிடும். லயம் இருப்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில். சுற்றிலும் செம்பனை. மழை பெய்தால் கோயில் வாசலில் கிடைப்பதும் போய்விடும். இதையெல்லாம் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தங்கள் பார்வைக்குச் சில விஷயங்கள்:

1. இந்த ஆண்டு இதுவரை எங்கள் பள்ளிக்கு 11 நாள் இப்படி வீட்டிலிருந்தே படிக்கும் வீட்டுப் பாடம் நடந்தது. அதில் 9 நாள் என் மகளுக்கு 'வரவில்லை' என்று பதிவாகியிருக்கிறது. மற்ற நாள்களில் காய்ச்சலுக்காக இரண்டே நாள்தான் விடுப்பு எடுத்திருக்கிறாள்.

2. ஆரம்பப் பள்ளிக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. நல்ல சட்டம்தான் ஐயா, அதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையைத் தோட்ட வேலைக்கு இழுக்காமல் பள்ளிக்கு அனுப்ப வைத்த சட்டம். ஆனால் வருகைக் குறைவு என்று எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டியபோது, என் மாமியார் "உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா" என்று கேட்டு அழுதார். பிள்ளையை அனுப்பாதவளா நான்? பள்ளியை மூடியது நானா?

3. இதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேதனை. தயவு செய்து இதை முழுமையாகப் படியுங்கள்.

ஐ.பி.யு. (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 200 ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது அமைச்சின் விதி. எதற்காக? பிள்ளைகள் வெளியே வந்து புகையைச் சுவாசிக்கக் கூடாது என்பதற்காக. சரி. கடைசியாகப் புகைமூட்டத்துக்குப் பள்ளியை மூடியபோது, காலை 8 மணிக்கு கூகுள் மீட்டில் வகுப்பு என்று முதல் நாள் இரவு வாட்சாப்பில் செய்தி வந்தது. அந்தச் செய்தியே கோயில் வரை போய்வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் லைன் இல்லை. லைன் கிடைப்பது ஓர் இடத்தில்தான். செம்பனைக் குலைகளைக் குவித்து லோரியில் ஏற்றும் சிமெண்டு மேடை, மேட்டு ரோட்டோரம். கூரை கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தாள் என் மகள். எதிரே இருக்கும் செம்பனை வரிசை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை. மேடை முழுக்க உதிர்பழ எண்ணெய், எறும்பு, ஈ. லோரி வரும்போதெல்லாம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி நிற்க வேண்டும். போன பிறகு மறுபடியும் ஏற வேண்டும்.

மலாய் வாசிப்பு. முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசித்தாள். குரல் தெளிவாக இல்லை, கவசத்தைக் கழற்றிவிட்டு வாசி என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்றே அவர் நினைத்திருப்பார். அது கேமராவைத் திறந்தால் டேட்டா போய்விடும் என்று மூடி வைத்திருந்த வகுப்பு. கழற்றினாள். வாசித்தாள். இரண்டாவது பாடத்தில் லைன் அறுந்துவிட்டது. அன்றிரவு அவளுக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு இழுத்தது. லோரிக்காரரைக் கெஞ்சி அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மூச்சு சீராக இரண்டு முறை கேஸ் (ஆவி மருந்து) வைத்தோம். மறுவாரம் பதிவைப் பார்த்தால் அந்த நாளுக்கும் 'வரவில்லை'.

புகையில் வெளியே போகாதே என்று சொல்லிப் பள்ளியை மூடுகிறீர்கள். மூடிய பள்ளியின் பாடத்துக்காக எங்கள் பிள்ளை அதே புகையில்தான் போய் உட்கார வேண்டியிருக்கிறது. பள்ளி திறந்திருந்தாலாவது சுவர் இருக்கும், கூரை இருக்கும், கதவைச் சாத்தி வைக்கலாம். இதை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், யோசித்துப் பார்த்தீர்களா ஐயா?

அந்த மேட்டில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயசுப் பெண்களும் உண்டு. சாலையில் போகும் மோட்டார் சைக்கிள்கள் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. அதற்காகவே இரண்டு தாய்மார்கள் பெண்களை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் 'வரவில்லை' தான்.

4. அமைச்சின் கையேட்டிலேயே வீட்டுப் பாடத்துக்கு மூன்று வழிகள் இருப்பதாக அந்தக் கிராணி படித்துச் சொன்னார். இணையத்தில் நேரடியாக, இணையம் இல்லாமல் பாடநூல், பயிற்சித்தாள் மூலமாக, அப்புறம் வேறோர் இடத்தில் வைத்து. எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வழி மட்டும்தான் வருகிறது. பயிற்சித்தாளை அச்சிட்டு வெள்ளிக்கிழமையே கொடுத்தனுப்பினால் போதும். புகைமூட்டமும் வெள்ளமும் ஒரே நாளில் சொல்லாமல் வருவதில்லை, இரண்டு நாள் முன்பே தெரியும். காகிதச் செலவு பிரச்சினை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி நாங்களே பங்கு போட்டுக் கொடுக்கிறோம். அந்தத் தாளைச் செய்து கொடுத்த பிள்ளைக்கு வருகை போட வேண்டும். ஆசிரியர்கள் மறுக்கவில்லை. மேலிருந்து எழுத்தில் வராமல் செய்ய முடியாது என்கிறார்கள்.

5. கைப்பேசி. எங்கள் வீட்டில் ஒன்று. பிள்ளைகள் மூன்று. 2020 இல் அமைச்சு எடுத்த கணக்கிலேயே 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. சொந்தமாகக் கருவி இல்லாத எங்கள் பிள்ளைகளும் அந்த 36.9 இல் உண்டு. காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு நான் செம்பனைக்குள் உதிர்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பேன், அவள் அப்பா குலை வெட்டிக்கொண்டிருப்பார். கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் தோட்டத்தில் எனக்கு ஏதாவது ஆனால் கூப்பிட வழியில்லை. எடுத்துக்கொண்டு போனால் மூன்று பேருக்கும் 'வரவில்லை'. வீட்டில் பெரியவர் துணை இருக்க வேண்டும் என்று செய்தியில் எழுதுகிறார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை ஐயா.

பள்ளியில் மடிக்கணினிகள் இருக்கின்றன. பூட்டிய அலமாரியில். கேட்டேன். உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாததால் வெளியே கொடுக்க முடியாதாம்.

6. யார் பொறுப்பு, யார் பொறுப்பு என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தோட்ட ஆபீஸ் பக்கத்தில் மண்டபம் இருக்கிறது. ஆபீஸ் வைஃபை அதற்குள் நன்றாக வரும். மின்விசிறி உண்டு, ஜன்னல் கதவு உண்டு. லயத்திலிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. மானேஜரிடம் போய்க் கேட்டேன். கல்வி இலாகாவிடமிருந்து கடிதம் வந்தால் திறந்துவிடுகிறேன், பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்தால் நான் பொறுப்பேற்க முடியாது என்றார். பள்ளியில் கேட்டேன். பள்ளி வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கு இலாகா அனுமதி வேண்டும் என்றார்கள். இலாகாவில் கேட்டேன். முத்திரை அடித்துக் கொடுத்தார்கள்.

என் தாத்தா படித்தது இதே தோட்டத்தில்தான். ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923 இல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பள்ளி நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடவும் பேரேட்டைப் படிக்கவும் மட்டும்தான் தெரியும். ஆனால் பத்துப் பிள்ளை இருந்தால் யார் செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. இன்று எங்கள் லயத்தில் பள்ளிக்குப் போகிறவர்கள் 31 பேர். பள்ளியே கைப்பேசிக்குள் வந்துவிட்டது என்கிறீர்கள். அந்தப் பள்ளிக்குக் கூரை போடுவது யார் வேலை என்று நூறு வருஷம் கழித்தும் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லையா?

7. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாருக்கும் எல்லாமே புதிது. அமைச்சுக்கும் புதிது, ஆசிரியருக்கும் புதிது. நாங்கள் வாய் திறக்கவில்லை. அப்போது என் மூத்தவன் மேட்டில் ஏறி உட்கார்ந்து படித்தான். இப்போது அவன் தங்கை அதே மேட்டில் உட்காருகிறாள். இனி கடைக்குட்டியும் அங்கேதான் போக வேண்டுமா? அவனுக்கு ஏற்கனவே இளைப்பு இருக்கிறது.

8. 'வரவில்லை' என்று போடாதீர்கள் ஐயா. அவள் வந்தாள். யாரும் வராத இடத்துக்குப் போய் உட்கார்ந்து வந்தாள்.

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். தங்களால் முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. கைப்பேசி லைனுக்குக் கோபுரம் கட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை, அது தங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆளுக்கொரு கணினி கேட்கவில்லை. கேட்பது கடிதம். பள்ளிக்கு ஒன்று: லைன் இல்லாத பிள்ளை பயிற்சித்தாளைச் செய்து கொடுத்தால் வருகை உண்டு, மடிக்கணினியை இன்ன விதிப்படி இரவல் தரலாம், பழுதானால் இன்னார் பொறுப்பு என்று. தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று: வீட்டுப் பாட நாள்களில் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருப்பார்கள் என்று. பார்த்துக்கொள்ள நாங்களே முறை வைத்து ஒருவர் இருக்கிறோம். அன்றைய சம்பளம் போனால் போகட்டும், எல்லாரும் சேர்ந்து பகிர்ந்துகொள்வதாகப் பேசி முடித்துவிட்டோம். ஏற்கனவே போட்ட 9 நாளையும் திருத்தித் தர வேண்டும். என் மகளுக்கு மட்டும் அல்ல, மேட்டில் உட்கார்ந்த எல்லாருக்கும்.

நேரில் வந்து பார்க்க விரும்பினால், கோயிலைத் தாண்டி இரண்டாவது வளைவு. தங்கள் கைப்பேசியையும் எடுத்து வாருங்கள். லயத்து வாசலில் நின்று ஒரு வகுப்பைத் திறந்து பாருங்கள்.

இந்த மனுவை நேரிலேயே கொண்டு வருகிறேன். முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட மாட்டேன். யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்துப் பேசும் வரை முகப்பில் காத்திருப்பேன். பதிலை எழுத்தில் தரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஐந்தாம் ஆண்டு மாணவியின் தாய்

இணைப்பு: 19 பெற்றோர்களின் கையெழுத்தும் 4 பேரின் கைரேகையும், முத்திரையிட்ட இரண்டு முந்தைய மனுக்களின் நகல், எச்சரிக்கைக் கடித நகல், கிளினிக் சீட்டு, சிமெண்டு மேடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று.