160 ரூபாய் ரப்பர் வளையத்துக்காக என் காரின் கியர்பாக்ஸை இறக்கியது பற்றிய புகார்

நாள்: 4.8.2025
இடம்: மணப்பாறை

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: 2013 மாடல் டீசல் காரில் இன்ஜின் ஆயில் கசிவு – மூன்று முறை தவறான வேலை – பணத்தைத் திருப்பிக் கேட்டல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இதுவரை 9 முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதுக் குரல், ஒவ்வொரு முறையும் நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்பார்கள், யாரும் கூப்பிட்டதில்லை. இரண்டு தடவை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அது வந்த நேரத்தில் வண்டி என் வாசலில் சொட்டிக்கொண்டு நின்றது. பேசிப் பேசித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால்தான் எழுதுகிறேன். என் பெயர், முகவரி, வண்டி எண் எல்லாம் இத்துடன் உள்ள ஜாப் கார்டு நகல்களில் இருக்கின்றன.

இந்தக் காரை 2019இல் இரண்டாம் கையாக வாங்கினேன். அப்போது 74,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,36,000. வாங்கிய நாளிலிருந்து திருச்சியில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எங்கும் விட்டதில்லை. வெளியில் பாதி செலவில் முடியும் என்று மச்சான் சொன்னபோதுகூட, "வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாததா மற்றவனுக்குத் தெரியப்போகிறது" என்று அவனிடம் சண்டை போட்டவன் நான். இன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி கடைசியில் வாசல் தரையில் கருப்பாக ஒரு சொட்டு. அடுத்த வாரம் உள்ளங்கை அகலம். என் மனைவி கோலம் போடுகிற இடம் அது. பழைய தாம்பாளத்தை வண்டிக்கு அடியில் வைத்தோம். காலையில் பார்த்தால் தாம்பாளம் கருத்துக் கிடக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது.

மார்ச் 11 அன்று முதல் முறையாகக் கொண்டுவந்தேன். டாப்பெட் கவர் (இன்ஜின் மேல்மூடி) பேக்கிங் என்றார்கள். மாற்றினார்கள், 3,940 ரூபாய். பத்து நாளில் பழையபடி சொட்டு. ஏப்ரல் 9 அன்று ஆயில் சம்ப், அதாவது இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி என்றார்கள். கழற்றி சீலன்ட் போட்டு மாட்டினார்கள், 2,780 ரூபாய். மறுபடி சொட்டு. ஜூன் 10 அன்று விட்டபோது கிராங்க் என்கிற இன்ஜின் சுழல்தண்டின் பின்பக்க ஆயில் சீல் என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கினார்கள். இறக்கியதுதான் இறக்கினோம், கிளட்ச் செட்டையும் மாற்றிவிடுவோம் என்று அதையும் மாற்றினார்கள். 23,650 ரூபாய். இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வண்டிக்கு ஐந்து நாள் ஆனது. அந்த வாரம் திண்டுக்கல்லில் கொழுந்தியாள் மகள் கல்யாணம். சீர்த் தட்டுகளோடு வாடகைக் காரில் போய் இறங்கினோம். "கார் என்னாச்சு?" என்று கேட்காத ஆள் மண்டபத்தில் இல்லை. மானமே போனது.

வண்டியை எடுத்துவந்த ஐந்தாம் நாள், ஜூன் 19, தாம்பாளத்தில் மறுபடி எண்ணெய்.

மே 21ஆம் தேதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுதான் முக்கியம். பணம் போனதைக்கூட நான் மறந்துவிடுவேன், அந்த நாளை மறக்கமாட்டேன்.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லைனில் ஃபால்ட் என்றால் முதலில் அது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்ப்போம், அப்புறம் நடந்து போய்த் தேடுவோம். இடம் தெரியாமல் ஒரு கம்பத்தையும் பிடுங்கமாட்டோம். அந்தப் புத்தியில், நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோமே என்று ஆயில் கசிவைப் பற்றி வாசித்தேன். எண்ணெயில் ஒளிரும் சாயம் (டை) கலந்து வண்டியை ஓட்டி, புற ஊதா டார்ச் அடித்தால் கசிகிற இடம் மஞ்சள் பச்சையாக மின்னும் என்று தெரிந்தது. போன் செய்து, அந்தச் சோதனை உங்களிடம் உண்டா என்று கேட்டேன். "இருக்கு சார், காலைல 9 மணிக்கு வந்துடுங்க" என்றார்கள்.

அங்கே போக வர 80 கிலோமீட்டர். அக்னி நட்சத்திர வெயில். 8.45க்கே கேட்டில் நின்றேன். 11 மணிக்கு வண்டியை உள்ளே எடுத்தார்கள். 1 மணிக்குச் சாப்பாட்டு நேரம். 3 மணிக்குப் போய்க் கேட்டால் சர்வீஸ் அட்வைசர் தம்பி போனைப் பார்த்தபடியே, "அந்த டை எல்லாம் ஏசி கேஸ் லீக்குக்குத்தான் சார், இன்ஜினுக்குக் கிடையாது" என்கிறார். ஏசிக்கும் உண்டு, இன்ஜினுக்கும் உண்டு என்று நான் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் மாலை 5.30க்கு, டையே ஸ்டாக்கில் இல்லை என்று வண்டியை வெளியே விட்டார்கள். கழுவிக்கூடத் தரவில்லை. எட்டே முக்கால் மணி நேரம் ஐயா! எனக்குச் சர்க்கரை உண்டு. வெளியில் டீக்கடையில் ஒரு பன்னைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டாரா அந்தத் தம்பி? கிளம்பும்போது சொன்னார்: "பன்னெண்டு வருஷ வண்டி சார், எண்ணெய் கசியத்தான் செய்யும். பிஸ்டன் ரிங்கே போயிருக்கும், இன்ஜினை இறக்கினா எண்பத்தஞ்சாயிரம் ஆகும். இதுல காசு போடுறதுக்கு வண்டியை மாத்திக்கலாம்ல? எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போய்க்கிட்டிருக்கு." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு 62 வயது. கடனுக்கு வந்து நிற்பவனிடம்கூட யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். அதே தம்பிதான் ஜூன் மாதம் கியர்பாக்ஸ் வேலை முடிந்ததும் போனில், "கம்பெனியிலேர்ந்து கூப்பிடுவாங்க சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க" என்று கேட்டவர். போட்டேன். பிள்ளையின் பிழைப்பாயிற்றே என்று போட்டேன். அந்தப் பத்தை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சரி, எங்கே விட்டேன்? ஜூன் 19.

அதன்பின் உங்கள் சேவை எண், அந்த 48 மணி நேரக் கதை. ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல் எங்கள் ஊர்ப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தகரக் கொட்டகைதான். அங்கே கம்ப்யூட்டரும் இல்லை, ஏசி போட்ட காத்திருப்பு அறையும் இல்லை. மெக்கானிக் முதலில் சொட்டிய எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். டீசல் வாசமும் இல்லை, கியர் ஆயில் வாசமும் இல்லை, இன்ஜின் ஆயில்தான் என்றார். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து வாய்மேல் கையை வைத்துப் பார்த்தார். "புகை முட்டிக்கிட்டு வரல சார். ரிங் போயிருந்தா, இல்ல பிரீதர் அடைச்சிருந்தா, உள்ள காத்து அழுத்தம் ஏறி கண்ட இடத்துல எண்ணெயத் தள்ளும். இது அது இல்ல" என்றார். எண்பத்தைந்தாயிரம் ரூபாய் பயம் அரை நிமிடத்தில் போனது.

பிறகு ஆல்டர்னேட்டர் மேல் பாலிதீன் பையைக் கட்டிவிட்டு இன்ஜின் முழுவதும் பிரஷ் போட்டுக் கழுவினார். காற்றடித்துக் காயவைத்தார். என்ன செய்தார் தெரியுமா? முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து இன்ஜின் பின்பக்கம் முழுக்கத் தூவினார். துவரங்குறிச்சி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் சின்ன முகம் பார்க்கிற கண்ணாடியுமாகக் குனிந்தார். "இங்க வாங்க சார்" என்றார். வெள்ளைப் பவுடரில் ஒரு ஈரக் கோடு. வேக்கூம் பம்ப் சிலிண்டர் ஹெட்டில் உட்காருகிற இடத்தில் ஆரம்பித்து, ஹெட்டின் பின்பக்கமாக இறங்கி, பெல் ஹவுசிங் (கிளட்ச் இருக்கும் கூடு) மேல் விழுந்து, அடியில் வந்து சொட்டுகிறது.

நீங்கள் செய்த வண்டியைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது. இருந்தாலும் உங்கள் ஆட்களுக்குத் தெரியாததால் எழுதுகிறேன். பெட்ரோல் வண்டியில் இன்டேக்கிலிருந்தே பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது போதுமான அளவு கிடைக்காது. அதற்காகவே தனியாக இந்த வேக்கூம் பம்ப். என் வண்டியில் அது கேம் ஷாஃப்ட் முனையில், கியர்பாக்ஸ் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், சூட்டில் வருடக்கணக்காக வெந்து விறைத்துப்போனால் எண்ணெய் அங்கிருந்து இறங்கும். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு கிராங்க் ஆயில் சீல் போனது போலவே தெரியும். எண்ணெய் மேலிருந்து கீழே ஓடும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டுக் கசிகிற இடத்தை முடிவு செய்யக் கூடாது என்பது தகரக் கொட்டகையில் தெரிந்திருக்கிறது. உங்கள் கண்ணாடிக் கட்டடத்தில் தெரியவில்லை.

ஓ-ரிங் விலை 160 ரூபாய். கூலி 500. வேலை முக்கால் மணி நேரம்.

இன்னொன்று கேட்கிறேன், பதில் வேண்டும். கிராங்கின் பின்பக்க சீல் கசிந்திருந்தால் பெல் ஹவுசிங்கின் உள்ளே எண்ணெய் இருந்திருக்க வேண்டுமே? கியர்பாக்ஸை இறக்கியபோது உள்ளே ஈரம் இருந்ததா? போட்டோ எடுத்தீர்களா? பழைய சீலைக் கேட்டேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். ஆனால் பழைய கிளட்ச் பிளேட்டை மட்டும் தெரியாத்தனமாக என் டிக்கியிலேயே போட்டு அனுப்பிவிட்டீர்கள். அது இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கே இல்லை, அப்பளம் மாதிரி காய்ந்திருக்கிறது. அதில் தேய்மானமும் பெரிதாக இல்லை என்கிறார் பட்டறைக்காரர். அப்படியென்றால் எதற்காகக் கழற்றினீர்கள்?

ஓ-ரிங்தான் போயிருந்தது, பம்ப் நன்றாக இருந்தது. பம்பே போயிருந்தால் பிரேக் பெடல் கல்லாகிப் போயிருக்கும். அந்த நாலு மாதமும் பேரப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வண்டியில்தான் போய்வந்தேன். ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் "புகார் தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்தியை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது?

கணக்கு இதுதான். உங்களுக்குக் கொடுத்தது 3,940, 2,780, 23,650, ஆக 30,370 ரூபாய். வாடகைக் கார் 4,800. இடையில் ஊற்றிய எண்ணெய் லிட்டர் கணக்கில் அல்ல, பீப்பாய் கணக்கில். வாசல் டைல்ஸில் கறை எந்த பவுடருக்கும் போகவில்லை, பெயர்த்துத்தான் போட வேண்டும். மே 21ஆம் தேதிக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்கள். எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது.

இருந்தாலும் நான் நியாயமாகவே கேட்கிறேன். வண்டியின் மேல் எனக்கு இன்றும் குறை இல்லை. 1,36,000 கிலோமீட்டர் ஓடியும் லிட்டருக்கு 19 கொடுக்கிறது, நல்ல இன்ஜின் செய்திருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி மேலும் மரியாதை இருக்கிறது. 30,370 ரூபாயையும் வாடகைக் கார் தொகையையும் திருப்பித் தந்து, அந்த அட்வைசர் எனக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், டைல்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையின் வேலையைப் பிடுங்க வேண்டாம். அவருக்கு வேக்கூம் பம்ப் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பதிவு செய்வேன். அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் சேவைக் குறைபாடு என்று திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்று சட்டம் சொல்கிறது. மதிப்பு 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நான் ஓய்வு பெற்றவன், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. தேதி தள்ளிப் போட்டால் சலித்துப்போவேன் என்று நினைக்க வேண்டாம். அப்போது கேட்கப்போவது 30,370 அல்ல, முழு இரண்டு லட்சம்.

இப்படிக்கு,
ஆறு வருடமாக வெளிப் பட்டறை வாசலை மிதிக்காமல் இருந்த உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு, பில் நகல்கள் – 3. பவுடரில் எண்ணெய்க் கோடு தெரியும் போட்டோ – 2. தாம்பாளத்தின் போட்டோ – 1.

பி.கு.: ஓ-ரிங் மாற்றி நாலு வாரம், 1,100 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு சொட்டு இல்லை. பழைய ஓ-ரிங்கையும் கிளட்ச் பிளேட்டையும் அனுப்பமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆளை மணப்பாறைக்கு அனுப்புங்கள், காலை 9 மணிக்கு வரச் சொல்லுங்கள்.